கண்ணாடி ஒயர்

ஆடி மாசம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் எரிச்சல் கூடிவிடும். அப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். 1994இலிருந்து கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கேமராக்களைத் துடைத்து வைப்பது, ட்ரைபாட் திருகுகளை முடுக்குவது, பாக்கி வைத்தவர்களுக்கு போன் போடுவது, இவ்வளவுதான் வேலை. பெரிய செலவு எதுவானாலும் அந்த மாசத்தில்தான் உட்கார்ந்து பேசுவோம். ஆவணி பிறந்துவிட்டால் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது.

போன வருஷ ஆடியில் பேச வேண்டியிருந்தது ஒரு கார்டைப் பற்றி. சர்வரில் செருகுகிற ஃபைபர் நெட்வொர்க் கார்டு, 10 கிகாபிட். கேட்டது தம்பி. அவனும், அப்பாவிடம் பதினெட்டு வருஷமாக இருக்கும் எடிட்டர் அண்ணனும்தான் கடையில் உட்கார்ந்து எடிட் செய்கிறார்கள். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அதனால் வீட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எதற்கும் பஞ்சாயத்து என்னிடம் வரும்.

"அக்கா, டைம்லைன்ல கை வெச்சா சுத்திக்கிட்டே நிக்குது. வைகாசில பைத்தியம் புடிச்சிடுச்சு. இந்தக் கார்டு போட்டா பத்து மடங்கு வேகமாம்."

அப்பா ஒதுக்கியிருந்தது 20,000 ரூபாய். "பாத்து சொல்லும்மா" என்று விட்டுவிட்டார்.

உண்மையைச் சொன்னால், தம்பியைவிட எனக்குத்தான் அந்தக் கார்டு மேல் ஆசை. அலுவலகத்தில் எங்கேயோ இருக்கும் டேட்டா சென்டரில் இதெல்லாம் ஓடுகிறது என்று தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. நம் வீட்டு மாடியில், மாவு அரைக்கும் கிரைண்டருக்கு மேலே உள்ள அறையில், அது ஓடப்போகிறது என்று நினைத்தாலே ஒரு கிளுகிளுப்பு.

*

முதலில் எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். கடை தெருவைப் பார்த்த கட்டடத்தில், வாடகைக்கு. வீடு அதற்குப் பின்னால், ஒரு சந்து தாண்டி. கடைக் கூரை மழையில் ஒழுகும் என்பதால் சர்வர் வீட்டு மாடியில் இருக்கிறது. சர்வர் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பழைய டெஸ்க்டாப் டப்பா, உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். அங்கிருந்து சந்துக்கு மேலே தொங்கவிட்ட செம்பு நெட்வொர்க் கேபிள் ஒன்று கடைக்குப் போகும். முப்பத்தைந்து மீட்டர் இருக்கும்.

அப்பா தொழிலுக்கு வந்தபோது விஎச்எஸ் கேசட். பிறகு மினிடிவி டேப். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி ஆகும். அப்போது அதுவே பெரிய விஷயம். இப்போது 4கே. எங்கள் கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் எழுதுகிறது, அதாவது மணிக்கு 45 ஜிபி. முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், மூன்று கேமரா. எல்லாம் சேர்த்து ஒன்பது மணி நேரம் ஓடினால் ஒரு கல்யாணம் 400 ஜிபி.

கேபிளில் போவது 1 கிகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் கணக்குப்படி வினாடிக்கு 125 எம்பி. பாக்கெட்டுகளுக்குத் தலைப்பு, முகவரி என்று கழிந்துபோக எனக்குக் கிடைத்தது 112. தம்பி ஒரே சமயத்தில் மூன்று கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். அதற்கு 37 எம்பி. எடிட்டர் அண்ணனுக்கும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 75. அதே நேரத்தில் அப்பா மண்டபத்திலிருந்து வந்து மெமரி கார்டைச் செருகி சர்வருக்கு ஏற்ற ஆரம்பித்தால் முடிந்தது கதை. 112க்குள் இத்தனையும் அடங்காது. சுற்றத்தான் செய்யும்.

10 கிகாபிட் என்றால் 1,250 எம்பி. கேட்கவே இனித்தது.

ஆனால் வேலையில் பழகிய புத்தி ஒன்று உண்டு. எதையும் வாங்குவதற்கு முன் எங்கே அடைத்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய், மூன்று பேரையும் வைகாசியில் செய்த மாதிரியே வேலை செய்யச் சொல்லிவிட்டு அளந்தேன்.

முதலில் மெமரி கார்டு. அது ரீடரிலிருந்து வெளியே வரும் வேகமே வினாடிக்கு 88 எம்பியைத் தாண்டவில்லை. நாங்கள் வைத்திருப்பது யுஎச்எஸ்-1 ரகக் கார்டு. அந்த ரகத்தின் உச்சவரம்பே 104 எம்பிதான். சர்வருக்கு முன்னால் எட்டு வழிச்சாலை போட்டாலும், கார்டு தன் ஒற்றையடிப் பாதையில்தான் வரும். அப்பா வந்து ஏற்றும் வேலையில் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது.

அடுத்து டிஸ்க். நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே ஃபைலை வரிசையாகப் படித்தால் 390 எம்பி வந்தது. ஆனால் இரண்டு பேர் இங்கும் அங்கும் இழுத்துப் பார்க்க, மூன்றாவது ஆள் எழுத, அது 130க்கு விழுந்தது. ஹார்ட் டிஸ்க் என்பது சுற்றும் தட்டு, அதன் மேல் நகரும் ஒரு முள். முள் ஓர் இடத்தில் நின்று படித்தால் வேகம். ஓடி ஓடிப் படித்தால் நேரமெல்லாம் ஓட்டத்திலேயே போய்விடும். மூன்று பேருக்கும் தேவைப்படுவது 160க்கு மேல். அப்படியானால் கார்டு போட்டிருந்தாலும் தம்பியின் கர்சர் சுற்றியிருக்கும், கொஞ்சம் குறைவாக.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ஆசை கணக்குக்குக் கட்டுப்படாது.

*

அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் ஒரு கடைக்கு இன்னொரு கடை தோளில் சாய்ந்து நிற்கும் தெரு அது. மாடியில் ஒரு கடை, பழைய சர்வர் சாமான்கள் மட்டும். கடைக்காரர் நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு கார்டை எடுத்து வைத்தார்.

"டேட்டா சென்டர்ல கழட்டுனது மேடம். ரெண்டு போர்ட். சூப்பரா ஓடும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சைப் பலகை, நடுவில் கறுப்பு ஹீட்சிங்க், ஓரத்தில் இரண்டு சதுர வாய். அந்த வாய்க்குள் எஸ்எஃப்பி ப்ளஸ் என்கிற விரல் நீள மாட்யூலைச் செருக வேண்டும். மாட்யூலுக்குள் ஒரு குட்டி லேசர் இருக்கிறது. அதுதான் மின்சாரத்தை வெளிச்சமாக மாற்றி ஃபைபருக்குள் அனுப்பும். மறுமுனையில் இதேபோல ஒன்று வெளிச்சத்தைத் திரும்ப மின்சாரமாக்கும். 850 நானோமீட்டர் அலைநீளம், மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

"எந்த கேபினெட்ல போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"சாதா டெஸ்க்டாப்."

"அப்ப ஒரு ஃபேன் கட்டிவிடுங்க. இது சர்வர் கார்டு. அங்க விமானம் மாதிரி ஃபேன் ஓடும், இதுக்குன்னு தனி ஃபேன் வெச்சிருக்க மாட்டான். உங்க டப்பால வேர்த்துப் போயிடும்."

இன்னொன்றும் சொன்னார். சில கார்டுகள் தன் கம்பெனி மாட்யூல் இல்லை என்றால் ஏற்றுக்கொள்ளாதாம். வாங்குவதற்கு முன் ஜோடி சேருமா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஜாதகம் பார்க்கிற மாதிரி.

விலை போட்டோம். சர்வருக்கு இரண்டு போர்ட் கார்டு, கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆளுக்கு ஒரு கார்டு, நான்கு மாட்யூல், இரண்டு ஃபைபர் கேபிள். எல்லாம் சேர்த்து 18,500 சொன்னார். அப்பா சொன்ன தொகைக்குள் அடங்கியது. வாங்கிவிடலாம். ஆனால் கடைசி நிமிஷத்தில், "அப்பாகிட்ட கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். முப்பது வயதில் அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

*

அடுத்த வாரம் ஊரில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். 112, 88, 130, 390. தம்பி முகம் தொங்கிவிட்டது. அப்பா தாளைப் பார்க்கவில்லை. கேபிள் என்ன மாதிரி இருக்கும் என்று கேட்டார்.

"உள்ள கண்ணாடி இழைப்பா. மேல ப்ளாஸ்டிக். வெளிச்சம்தான் போகும்."

"செம்பு கிடையாதா?"

"கிடையாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப இந்தக் கண்ணாடி ஒயருக்கு இடி தெரியுமா?"

எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்று உடனே புரிந்தது. புரிந்ததும் இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று இருந்தது.

2017 ஐப்பசி. ஒரு ராத்திரி அடைமழை. சந்துக்கு அந்தப் பக்கக் கொல்லையில் நின்ற தென்னை மரத்தில் இடி விழுந்தது. எங்கள் கட்டடங்களில் விழவில்லை. ஆனால் காலையில் பார்த்தால் கடையில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் கருகிய வாசனை. வீட்டில் சர்வரின் மதர்போர்டு போயிருந்தது. நான்கு டிஸ்க்கில் இரண்டு எழுந்திருக்கவில்லை.

மின்னல் ஒயரில் நேராக விழத் தேவையில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்பில் மின்அழுத்தம் தூண்டப்படும். போதாததற்கு எங்களுடையது இரண்டு கட்டடம், இரண்டு ஈபி கனெக்‌ஷன், இரண்டு எர்த். இடி விழும் நொடியில் இந்த எர்த்துக்கும் அந்த எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். இரண்டையும் இணைக்கும் செம்பு வழியாகத்தான் அது தன்னைச் சமன் செய்துகொள்ளும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இதற்காகவே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் உண்டு. அது 1,500 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்பது விதி. மின்னலுக்கு அந்த விதி தெரியாது.

நான்கில் ஒரு டிஸ்க் போனால் மற்ற மூன்றை வைத்து மீட்டுவிடும்படிதான் அமைத்திருந்தோம். இரண்டு போனால் மொத்தமும் போச்சு. போனது 2012இலிருந்து 2016 வரை எடுத்த கல்யாணங்கள். அதற்கு முந்தையவை பத்திரமாக இருந்தன. எப்படி என்றால் அவை டேப்பில் இருந்தன. டேப் பீரோவில் இருந்தது. மெமரி கார்டுக்கு மாறிய பிறகு கார்டை அழித்து அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போனோம். புதுசு வந்தபோது எங்களிடமிருந்து போனது என்ன என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. வானம் உறுமினால் அப்பா எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ராத்திரி இரண்டு மணியானாலும், குடையை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டி, ஷட்டரைத் தூக்கி, அங்கே ஒன்று. திரும்பி வந்து மாடியேறி இங்கே ஒன்று. அம்மா திட்டுவாள். அவர் கேட்க மாட்டார்.

அவர் ஏன் கேட்க மாட்டார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில், கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, ஒரு அக்கா வந்தார். 2014இல் அப்பா எடுத்த கல்யாணம். அந்த அக்காவின் அப்பா மே மாதம் கொரோனாவில் இறந்துபோயிருந்தார். கையில் நாங்கள் கொடுத்த டிவிடி. அது நன்றாகத்தான் ஓடியது. அவர் கேட்டது வேறு.

"இதுல தாரை வார்க்குற எடத்துல அப்பா என்கிட்ட குனிஞ்சு ஏதோ சொல்றார்ண்ணே. நீங்க மேல பாட்டு போட்டுட்டீங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு ஞாபகம் இல்ல. பாட்டு போடாதது உங்ககிட்ட இருக்கும்ல?"

கல்யாண வீடியோவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அசல் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போடுவோம். மைக்கில் மாட்டிய இரைச்சல், சமையல்காரர் கூப்பிடுவது, யாரோ இருமுவது, எதுவும் வேண்டாம் என்றுதான் வீட்டுக்காரர்களே கேட்பார்கள். அசல் சர்வரில் இருக்கும். 2014இன் அசல் இல்லை.

அப்பா அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது அங்கே இல்லை. எடிட்டர் அண்ணன்தான் பிறகு சொன்னார். அந்த அக்கா அழவில்லையாம். "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு டிவிடியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாராம். அப்பா அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரவில்லை.

*

கண்ணாடிக்கு இடி தெரியாது. அதுதான் பதில்.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெறும் வெளிச்சம் போகிறது என்றால் இந்த எர்த்துக்கும் அந்த எர்த்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எலி கடிக்காமல் இருக்க, இழுத்தால் அறாமல் இருக்க, சில ஃபைபர் கேபிளுக்குள் உலோகக் கவசமோ கம்பியோ வைத்திருப்பார்கள். அதை வாங்கினால் பழைய கதைதான். உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு இந்தக் கண்ணாடியின் கதை கல்லூரியிலேயே பிடிக்கும். மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1954இல் லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாக ஒரு படத்தை அனுப்பிக் காட்டினார். ஆனால் அப்போதைய இழையில் வெளிச்சம் சில மீட்டரிலேயே செத்துவிடும். 1966இல் சார்லஸ் காவ் சொன்னார்: குற்றம் கண்ணாடியில் இல்லை, கண்ணாடிக்குள் இருக்கும் அழுக்கில் இருக்கிறது, சுத்தம் செய்தால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சமாவது மிஞ்சும், பேசுவதற்கு அது போதும். 1970இல் கார்னிங் கம்பெனிக்காரர்கள் அப்படி ஒரு கண்ணாடியைச் செய்துவிட்டார்கள். காவுக்கு 2009இல் நோபல் கிடைத்தது. இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் போனாலும் வெளிச்சத்தில் ஐந்து சதவீதம்கூடக் குறையாது. நெடுந்தூரத்தில் மங்கும் வெளிச்சத்தைத் தூக்கிவிடும் ஒருவகை ஆம்ப்ளிஃபையர், திருச்சியில் பிறந்த ராமன் 1928இல் கண்டுபிடித்த அதே விளைவை வைத்து வேலை செய்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதும் தெரியும். அப்பா கேட்கும்வரை இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. என் தாளில் இருந்தது முழுக்க வேகம்.

அப்பா கேட்டது இன்னொன்று: "வேகமா கொண்டுவந்து எங்க வைக்கப் போற? அந்த ஒரே டப்பாலதானே?"

2017க்குப் பிறகும் எங்களிடம் இருந்தது ஒரே பிரதிதான். புது டிஸ்க்குகள், அதே டப்பா. ஒவ்வொரு ஆடியிலும் இரண்டாவது பிரதிக்குப் பணம் ஒதுக்குவோம். ஒவ்வொரு ஆடியிலும் அது கேமரா லென்ஸாகவோ ட்ரோனாகவோ மாறிவிடும். பிரதி எடுத்து வைப்பது கண்ணுக்குத் தெரியாத செலவு. எதுவும் கெட்டுப் போகாதவரை அது தண்டம்.

அன்று ராத்திரி கணக்கை மாற்றிப் போட்டேன். 10 கிகாபிட் வேண்டாம். வேகம் இருக்கும் 1 கிகாபிட்டே போதும். மீடியா கன்வெர்ட்டர் என்று ஒரு தீப்பெட்டி கட்டு அளவில் டப்பா உண்டு. ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் ஃபைபர். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, ஜோடி 2,400 ரூபாய். முனை போட்டே வரும் 50 மீட்டர் ஃபைபர் 1,900. சர்வரைத் திறக்கவே வேண்டாம். மிச்சத்தில் 8 டிபி டிஸ்க் ஒன்று. மொத்தம் 22,000ஐத் தொட்டது. மேலே ஆனதை நான் போட்டேன்.

தம்பிதான் பாவம். அவனுக்குக் கார்டு கிடையாது என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, பதிலுக்கு ப்ராக்ஸி செய்யப் பழக்கினேன். 4கே ஃபைலுக்குப் பதிலாக அதன் குட்டிப் பிரதியை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலைக் கோர்த்துக்கொள்வது. கர்சர் சுற்றுவது நின்றது. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் குட்டிப் பிரதி தயாராக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். "நீ என்னை ஏமாத்திட்டக்கா" என்றான். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது.

*

ஆடி கடைசி ஞாயிறு, சந்துக்கு மேலே ஃபைபரை இழுத்தோம். செம்புக் கேபிளை இழுத்து மடக்கி ஆணி அடிக்கிற மாதிரி இதை அடிக்க முடியாது. கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். பிவிசி குழாய்க்குள் விட்டு, மூலைகளில் பெரிய வளைவாகக் கொண்டுபோனோம். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, கண்ணாடி, கண்ணாடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், என்னமோ நாங்கள் பெல்ஜியம் கண்ணாடியைத் தூக்கிப் போகிற மாதிரி. கீழே இறங்கி வந்த பழைய செம்பு ஒயரைச் சுருட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்.

புது டிஸ்க்கில் இரண்டாவது பிரதி ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதை நான் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன். என் அறையில் துணி அலமாரியில், புடவைகளுக்கு நடுவே, 2017க்குப் பிறகு கும்பகோணத்தில் நடந்த கல்யாணங்கள் இருக்கின்றன. மாசம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய், புதுசை ஏற்றிக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வேன்.

இத்தனையும் செய்ததால் எல்லாம் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். ஈபி லைன் வழியாக மின்னல் வரலாம். அதற்கு எர்த் சரியாக இருக்க வேண்டும், அந்தச் செலவு அடுத்த ஆடிக்கு. கார்டு செருக வேண்டிய ஸ்லாட் காலியாகவே இருக்கிறது. என்றாவது டிஸ்க்கையெல்லாம் மாற்றி, மெமரி கார்டை மாற்றி, அடைப்பு கேபிளுக்கே வந்து சேரும் நாளில் வாங்குவேன். அந்த ஆசை இன்னும் போகவில்லை.

ஐப்பசியில் தீபாவளிக்குப் போயிருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு வானம் உறுமியது. மாடி அறையில் படுத்திருந்த எனக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் அப்பா, கையில் குடை, சர்வர் முன்னால் நிற்கிறார். கன்வெர்ட்டரின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"பிடுங்க வேண்டாம்ப்பா. அது கண்ணாடி."

"தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து, சர்வரின் கரண்ட் ப்ளக்கை மட்டும் பிடுங்கினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் என்னிடம் கணக்கு இருந்தது. அதைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.